முந்தியே அடித்த கல்வெட்டு

1

மூன்று வாரங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகன் கணினித் திரையில் தெரிந்த ஒரு மஞ்சள் முக்கோணத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

"அப்பா, இஞ்சை பாருங்கோ. சித்தப்பா செத்து நாலு வருசத்துக்குப் பிறகு மச்சாள் பிறந்திருக்கிறா எண்டு சொல்லுது."

"மச்சாள் இல்லையடா. சித்தப்பாவின்ரை மகள் உனக்கு அக்கா."

"சரி, அக்கா. ஆனால் செத்த ஆளுக்கு எப்பிடிப் பிள்ளை?"

நான் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதுபோல எழுந்து குசினிக்குள் போனேன். கண்ணாடி முகத்தில்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். மகன் அங்கிருந்தே கத்தினான்: "நான்தான் பிழையா அடிச்சுப்போட்டனோ தெரியேல்லை. கல்வெட்டிலை இருந்த திகதியைத்தான் போட்டனான்."

அவன் ஒன்றையும் பிழையாக அடிக்கவில்லை. அந்தக் கல்வெட்டை எழுதியவன் நான்.

2

டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். நெடுந்தீவில் தமிழ் படிப்பித்தவன். இங்கே மீன் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். இப்போது ஓய்வு. காலையில் நடை, மத்தியானம் சோறு, பின்னேரம் கணினி. மனைவி போய் ஆறு வருடம்.

வருகிற ஆவணியில் எனக்கு எழுபது வயது. அதற்குக் குடும்ப வரலாற்றை ஒரு புத்தகமாக அச்சிட்டுத் தருவதாக மகன் சொன்னான். அவனுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் தமிழ் வராது. "ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் டேனிஷ். அப்பதான் பிள்ளையளுக்கும் விளங்கும்" என்றான். அதற்காக ஒரு மென்பொருளை வாங்கிப் பூட்டித் தந்தான்.

அந்த மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆளின் பெயரையும் நாளையும் இடத்தையும் கொடுத்தால் போதும், வசனத்தை அதுவே எழுதிக்கொள்ளும். இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் பிறந்தார், மணம் செய்தார், இறந்தார். பிறப்புக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் உள்ளே ஒரு மாதிரி வசனம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் மாற்றலாம். எல்லோருக்கும் சேர்த்து மாற்றலாம். ஒரேயொருவருக்கு மட்டும் தனியாகவும் மாற்றலாம்.

நான் எல்லாவற்றையும் மாற்றினேன். எங்கள் ஆட்களின் சாவுக்குத் திகதி மட்டும் போதாது, திதி வேண்டும். ஆகவே சாவு வசனத்தில் மாதத்துக்கும், வளர்பிறையோ தேய்பிறையோ என்ற பக்கத்துக்கும், திதிக்கும் இடம் வைத்து, "சிவபதம் அடைந்தார்" என்று முடித்தேன். வெளிநாடு போனவர்கள் இருபதுக்கு மேல். அவர்களுக்கு "புலம்பெயர்ந்தார்" என்று ஒரே வசனம். இன்னொரு வசதியும் உண்டு. வசனத்தில் ஒரு துண்டை அடைப்புக்குறிக்குள் வைத்தால், அந்த விபரம் தெரியாத இடத்தில் அந்தத் துண்டு தானாகவே மறைந்துவிடும். "நெடுந்தீவில்" என்பது தெரியாவிட்டால் அந்தச் சொல்லே வராது. அங்கே ஒரு வெற்றிடம் இருந்ததென்று வாசிப்பவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நல்ல சந்தோசமாக இருந்தது.

விபரங்களுக்குக் கல்வெட்டுகள் வேண்டியிருந்தன. வெளியாருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். படம், வாழ்க்கைக் குறிப்பு, ஒப்பாரி, கடைசியில் துயருறும் உறவினரின் பட்டியல். முதல் பக்கத்தில் திதி வெண்பா, அதாவது இறந்த மாதமும் திதியும் வருமாறு நாலு வரி. யாழ்ப்பாணத்தாரின் வம்ச வரலாறு முழுவதும் அந்தச் சின்னப் புத்தகங்களில்தான் கிடக்கிறது.

தம்பியின் மகள் நெடுந்தீவில் ஆசிரியை. தங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கைபேசியில் அனுப்பினாள். பதினொரு கல்வெட்டுகள். ஆறை நான் அடித்தேன். கண் வலித்தது. மிச்சம் ஐந்தையும் மகன் எடுத்துக்கொண்டான். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து அடித்தான். சித்தப்பாவோடு அவன் பழகியதில்லை; அவர் எப்போது இறந்தார் என்பதும் அவனுக்கு நினைவில் இல்லை. இறந்தவர்தானே என்பதால், பதினொன்றாவது கல்வெட்டு அவருடையதாக இருந்ததில் அவன் ஆச்சரியப்படவுமில்லை.

அந்த இறப்பு மூன்று வருடத்துக்கு முந்தியது. கல்வெட்டு முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தியது.

3

எழுதிவிடுகிறேன்.

நான் இங்கே வந்து அகதியாகப் பதிந்தபோது ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் வந்து எல்லாம் பழகிவிட்ட நம்மவர் ஒருவர் அங்கே இருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாஸ்டர், இது நிக்காது. எல்லாரும் பயத்திலைதான் வந்தவை. உங்கடை வீட்டிலை ஒரு சாவும் இல்லையே?"

"இல்லை."

"சகோதரங்கள்?"

"ஒரு தம்பி. ஊரிலை, கூட்டுறவுச் சங்கக்கடையிலை வேலை."

"அப்ப தம்பியைப் போடும்."

அவர் அதைச் சோற்றில் உப்புப் போடச் சொல்வதுபோலச் சொன்னார். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன். மரணச் சான்றிதழ் எடுக்க முடியாது, சண்டைக் காலம். ஆனால் வேறு ஏதாவது அச்சடித்த கடதாசி இருந்தால் நம்புவார்கள் என்றார். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் யோசனை நின்றிருக்கும். எனக்கு நிற்கவில்லை. நெடுந்தீவில் யார் செத்தாலும் அந்த வீட்டார் என்னிடம்தான் வருவார்கள். "மாஸ்டர், ஒரு வெண்பா" என்பார்கள். ஐம்பது கல்வெட்டுகளாவது எழுதியிருப்பேன். ஐம்பத்தோராவதைத் தம்பிக்கு எழுதினேன்.

முகாமின் சாப்பாட்டு மேசையில் இருந்து, ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்தேன். ஆவணி மாதம், அபரபக்கம், சத்தமி. வெண்பாவில் அடங்கிய திதி என்பதால் அதைத் தெரிந்தெடுத்தேன். வேறு காரணம் இல்லை. அந்த வெண்பாவை இங்கே எழுதமாட்டேன். தளை எங்கும் தட்டவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். நான் எழுதியவற்றில் அதுதான் நல்லது. எழுதும்போது எனக்கு அழுகைகூட வந்தது.

கொழும்பில் அச்சகம் வைத்திருந்த பள்ளித் தோழன் ஒருவனுக்கு அனுப்பினேன். தம்பியின் படம் ஒன்று என்னிடம் இருந்தது, இருபத்தாறு வயதில் எடுத்தது. நான் வெளிக்கிட்ட நாள் துறைமுகத்துக்குச் சைக்கிளில் என் பெட்டியை ஏற்றி வந்தவன், "அண்ணை, போனவுடனை ரெண்டு வரி எழுதுங்கோ" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துவிட்ட படம் அது. இரண்டு வரி கேட்டான். நாலு வரி எழுதினேன்.

தோழனுக்கு உண்மையைச் சொல்லவில்லை. அவன் இரங்கல் தெரிவித்துக் கடிதம் எழுதி, ஒரு பிரதியையும் அதற்குள் வைத்து அனுப்பினான்.

விசாரணை நாளில் ஒரு பெண் அதிகாரி அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் வெண்பாவை டேனிஷில் சொல்ல முயன்று விட்டுவிட்டார். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் எடுத்து வந்து தந்தார். பிறகு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி, மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்து, "எல்லாம் சரிதானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். கையெழுத்து வைத்தேன்.

முகாமில் என் அறையில் இருந்தவரின் தம்பி உண்மையாகவே செத்துப்போனவன். அவரிடம் கல்வெட்டு இல்லை. அடிப்பதற்கு ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. எனக்குப் பிறகு இரண்டு வருடம் அவர் அந்த முகாமில் இருந்தார்.

4

தம்பி இரண்டு தரம் கேட்டான்.

முதல் தரம் கடிதத்தில். கலியாணம் கட்டி, மகள் பிறந்து, சங்கக்கடையும் பூட்டிக் கிடந்த காலம். "அண்ணை, எங்களைக் கூப்பிட ஏதும் வழி இருக்கோ" என்று எழுதியிருந்தான். இறந்தவனை எந்தப் படிவத்தில் கூப்பிடுவது? என் கோப்பில் அவன் ஆவணிச் சத்தமியில் போய்விட்டான். இங்கே சட்டம் இறுகிவிட்டது என்று பதில் போட்டேன்.

இரண்டாவது தரம் தொலைபேசியில். என் மகனுக்குக் கலியாணம். "ஒரு கிழமைக்கு வந்து பாத்திட்டுப் போறன் அண்ணை, ஒரு கடிதம் அனுப்பினால் காணும் எண்டு சொல்லுகினம்" என்றான். அந்தக் கடிதத்தில் உறவுமுறை எழுதவேண்டும். அதற்குள் எனக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. ஒரு சட்டத்தரணியைப் பார்த்துப் பழைய பொய்யைச் சொல்லித் திருத்தலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். வீடு, மகன், மருமகள் எல்லாம் கண்முன் வந்தன. விசா கிடைப்பது கஷ்டம் என்று தம்பிக்குச் சொன்னேன்.

அவன் சிரித்தான். கனநேரம் சிரித்தான். "ஓம் அண்ணை, எனக்குக் கிடைக்கிறது கஷ்டம்தான்" என்றான். ஏன் சிரித்தான் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னர் அவன் நோயில் இறந்தபோதும் நான் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் யாரோ கைபேசியைப் பிடித்துக் காட்டினான். தொடர்பு விட்டு விட்டு வந்தது. கல்வேலிக்கு மேலால் ஆட்களின் தலைகள், பிறகு நின்றுபோன படம், பிறகு வெறும் ஒழுங்கை, வீட்டுக்கு முன்னாலுள்ள சின்னத் தெரு. உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உண்மையான கல்வெட்டுக்கு வெண்பா தாருங்கள் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. கல்வெட்டே அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

5

மகன் வீட்டுக்குப் போன பிறகு, பதினொன்றாவது கல்வெட்டின் படங்களைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் நீல மையில் கையெழுத்து இருந்தது. சங்கக்கடையில் பற்றுச்சீட்டு எழுதிய அதே உருண்டை எழுத்து.

துயருறும் உறவினர் பட்டியலில் நான் அச்சடித்திருந்தது இரண்டே பேரை: அம்மா, அண்ணன். அதற்குக் கீழே அவன் தன் மனைவியின் பெயரைச் சேர்த்திருந்தான். அதற்குக் கீழே, வேறு பேனையால், மகளின் பெயர். அதற்கும் கீழே, அண்ணன் பிள்ளைக்குரிய முறைப்படி "பெறாமகன்" என்று போட்டு என் மகனின் பெயர். அவனுடைய கலியாணத்துக்குப் பிறகு என் மருமகளின் பெயர். ஒவ்வொருவராக, அந்தந்த வருடத்தில். என் பெயரை அவன் வெட்டவில்லை.

அடுத்த நாள் நான் தொலைபேசி எடுக்குமுன்பே தம்பி மகள் எடுத்தாள். பள்ளிக்கூட இடைவேளை, பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"பெரியப்பா, ஒண்டு கேக்கவோ?"

"கேள் பிள்ளை."

"அப்பாவின்ரை கல்வெட்டு நான் பிறக்க முந்தி அடிச்சது. வெண்பாவுக்குக் கீழை உங்கடை பேர் கிடக்கு. அப்பாட்டைச் சின்னனிலை கேட்டனான். 'எனக்கு முந்தியே அடிச்சாச்சு, நீ பிறகு மினக்கெடத் தேவையில்லை' எண்டு பகிடி விட்டவர். செத்தவீட்டிலை நான் கல்வெட்டு அடிக்கப் போக, அம்மா மறிச்சவா. 'அடிச்சது கிடக்கு, ரெண்டாந்தரம் வேண்டாம்' எண்டவா. ஏன் எண்டு சொல்லமாட்டா. நீங்கள் சொல்லுங்கோ."

"அது உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது?"

"கொழும்பிலை இருந்து பொதி வந்ததாம். இருபத்தஞ்சு புத்தகம். செத்தவீட்டுக்காரருக்கு எண்டு எழுதி. அப்பாதான் வள்ளத்தடியிலை போய் எடுத்தவராம்."

தோழன் மிச்சப் பிரதிகளை என்ன செய்தான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒழுங்கான மனிதன். முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்க வேண்டிய புத்தகங்களை, எப்படியோ ஆள் பிடித்து, உரிய வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

"ஒண்டை வைச்சுக்கொண்டு மிச்சத்தை அப்பா எரிச்சவராம். அப்பம்மா காணக்கூடாதெண்டு."

நான் சொன்னேன். முகாம், அதிகாரி, வெண்பா, எல்லாவற்றையும். என் மனைவிக்கும் சொல்லாததை, இடைவேளை முடிவதற்குள் ஒரு பிள்ளைக்குச் சொல்லி முடித்தேன். கடைசியில் கேட்டாள்:

"அப்பா உங்களிட்டை வரக் கேட்டவரே?"

"கேட்டவன்."

"எத்தினை தரம்?"

"ரெண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சட்டம் விடாதெண்டு."

"அது சரிதானே. செத்த ஆளைச் சட்டம் விடாதுதானே." பிறகு, "மணி அடிச்சிட்டுது பெரியப்பா. வகுப்புக்குப் போகவேணும்" என்றாள்.

6

பிறகு பத்து நாள் அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் அனுப்பிய நாலு செய்திகளையும் பார்த்திருந்தாள், அடையாளம் நீலமாகியிருந்தது.

அந்தப் பத்து நாளும் நான் தம்பியின் பக்கத்தோடு இருந்தேன். ஒரு ஆளுக்கு இரண்டு இறப்புகளைக் கொடுக்க அந்த மென்பொருள் மறுப்பதில்லை. எது முதன்மையானது என்று குறிக்கச் சொல்லும், அவ்வளவுதான். உண்மையான சாவை முதன்மையாக்கினேன். மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. மற்றச் சாவை அழிக்கக் கை போகவில்லை. அதற்கு, அவனுக்கு மட்டும் என்று, ஒரு தனி வசனம் எழுதலாம் என்று தொடங்கினேன். "அண்ணனால் இறந்ததாக எழுதப்பட்டார்" என்று எழுதிப் பார்த்தேன். அழித்தேன். "அகதி விண்ணப்பம் ஒன்றுக்காக" என்று தொடங்கி எழுதினேன். அது காரணம் சொல்வதுபோல இருந்தது. அழித்தேன். அவன் கூப்பிடச் சொல்லிக் கேட்டதையும் நான் கூப்பிடாததையும் போட முடியுமா என்று பார்த்தேன். நடந்தவற்றைத்தான் அது நிகழ்வாக எடுக்கும், நாள் கேட்கும். அவன் இங்கே வராமல்விட்டதற்கு நாள் எது?

மகனுக்கும் சொன்னேன். அவனுக்குத் தெரியாமல் அந்த வசனத்தை அச்சுக்கு அனுப்ப முடியாது. அவன் கதிரையில் சாய்ந்து இருந்து கேட்டான். முதல் கேள்வியை டேனிஷில் கேட்டான்: உங்கள் குடியுரிமையை எடுத்துவிடுவார்களா? தெரியாது என்றேன். என்னுடையது உங்களுடையதில் தங்கியிருக்கிறதா என்று அடுத்ததாகக் கேட்டான். அவனைக் குறைசொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியை அவன் தலையில் கட்டியவன் நான்.

"பிள்ளையளுக்குச் சொல்லவேண்டாம் அப்பா" என்று தமிழில் முடித்தான்.

பதினோராம் நாள் தம்பி மகளின் குரல்பதிவு ஒன்று வந்தது. ஒரு நிமிடமும் இல்லை. அதை நான் மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.

"பெரியப்பா, அப்பா கடைசி மட்டும் உங்களை ஒரு சொல்லு சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. ஆனால் அப்பாவின்ரை பேரையோ எங்கடை பேரையோ நீங்கள் அடிக்கிற புத்தகத்திலை போடாதேங்கோ. திதி, படம், ஒண்டும் வேண்டாம். ஏற்கனவே ஒருக்கா அடிச்சனீங்கள்தானே. அது காணும்."

ஆகவேதான் இந்தக் குறிப்பிலும் அவன் பெயர் இல்லை, அவள் பெயரும் இல்லை. நடந்ததைக்கூட எழுதியிருக்கக்கூடாதோ என்னவோ. ஆனால் அவள் மறித்தது பெயரை. நான் செய்ததை மறைத்துத் தருவதாக அவள் சொல்லவில்லை.

7

நேற்று மகன் வந்தான். "அவ கேட்டபடி செய்வம்" என்றான். தம்பியின் பெயரில் ஒரு தட்டுத் தட்டி அழித்தான். அவனும் மனைவியும் மகளும் அவளுடைய பிள்ளைகளும் ஒரேயடியாகப் போனார்கள்.

அப்போது நாங்கள் இரண்டு பேரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என் ஐயா, அம்மாவின் பக்கத்தில், "இவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்" என்று இருந்த வசனத்தை அந்த மென்பொருள் தானாகவே திருத்திக்கொண்டது.

கந்தையா, சிவபாக்கியம் தம்பதியருக்கு ஒரு பிள்ளை.

தமிழில் ஒரு குறையும் இல்லை. அந்த வசனத்தின் மாதிரியைத் திருத்திக் கொடுத்தவன் நான்தான்.

"இதை மட்டும் மாத்தலாம்" என்றேன். "இந்த ஒரு இடத்திலை இரண்டு எண்டு கையாலை அடிக்கலாம். பேர் போடத் தேவையில்லை."

மகன் யோசித்தான். "இரண்டு எண்டு போட்டால், மற்றது ஆர் எண்டு பிள்ளையள் கேப்பினம் அப்பா. அப்ப என்ன சொல்லுறது?"

அம்மா கடைசிக் காலத்தில் யாருடைய கையில் இருந்தாள், யார் கொள்ளி வைத்தது என்று எனக்குள் ஓடியது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இங்கே எப்போதும் தூறும். மகன் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டு போனான். பிறந்தார், பிறந்தார், மணம் செய்தார், புலம்பெயர்ந்தார், சிவபதம் அடைந்தார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, அச்சுக்கு அனுப்பும் பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"எல்லாம் சரிதானே அப்பா?"

"ஓம்" என்றேன்.